லாட்ஜ் என்று பெயர், கிடைப்பது காபி

கேள்வி இதுதான். சென்னையில் வளர்ந்த ஒருவர் அடுத்த மாதம் குடும்பத்தோடு திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று ஒரு சுற்றுச் சுற்றப் போகிறார். அவருடைய அப்பா வாய் ஓயாமல் சொல்லும் பழைய ஹோட்டல்கள் எவை, இன்றைக்கு எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டிருக்கிறார். 1988 தொடங்கி முப்பது வருஷம் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டெல்டா முழுக்க அலைந்தவன் நான். வீட்டுச் சாப்பாட்டைவிட ஹோட்டல் சாப்பாடுதான் இந்த உடம்பை வளர்த்தது என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

திருச்சியில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் வாயில் இரண்டு பெயர் ஓயாமல் வரும். ஒன்று சத்திரம், இன்னொன்று அரிஸ்டோ. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் சத்திரத்தைத் தேடினால் பூக்கடையும் ஜூஸ் கடையும்தான் இருக்கும். அரிஸ்டோ என்பது ஜங்ஷன் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் பெயர். அது எதிரே இருந்த ரவுண்டானாவுக்கு ஒட்டியது. அப்புறம் ரவுண்டானாவுக்கு மேலே பல வருஷம் அரைகுறையாகத் தொங்கிக் கிடந்த பாலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ஹோட்டலில் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவன் "அரிஸ்டோ ஒண்ணு" என்று டிக்கெட் வாங்குகிறான். எங்கள் பக்கத்து ஹோட்டல்களைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பெயரே போதும் என்பேன். கைப்பக்குவம் பாதி என்றால், கடை எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. கோயில் வாசல், ரயிலடி, கோர்ட்டு வாசல், பஸ் ஸ்டாண்ட் வாசல். ஜனம் நடக்கிற திசை மாறினால், எப்பேர்ப்பட்ட சரக்கு மாஸ்டரை வைத்திருந்தாலும் கல்லாவில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பெட்டியோடு போய்த் திருதிருவென்று நிற்பீர்கள். எங்கள் ஊர்களில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். தங்குவதற்கு லாட்ஜ். ஆனால் மாயவரத்தில் மயூரா லாட்ஜ் என்று ஒன்று, அங்கே ஆள் போவது காபிக்கு. திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் மாயவரம் லாட்ஜ் என்று ஒன்று, அங்கே போவது டிபனுக்கும் இலைச் சாப்பாட்டுக்கும். 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று பலகை மாட்டிய காலத்தின் மிச்சம் அது. விலாஸ், பவன், கஃபே என்று முடிந்தால் பெரும்பாலும் சைவம். மிலிட்டரி ஹோட்டலில் பட்டாளத்துக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள், ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் இருக்கும். மெஸ் என்றால் எதுவாகவும் இருக்கலாம், வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். உங்கள் தாத்தா தலைமுறை 'கிளப்பில் சாப்பிட்டேன்' என்று சொல்லியிருந்தால் சீட்டாட்டக் கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். காபி கிளப்பைச் சொல்கிறார்.

ஹோட்டல் வருவதற்கு முன் இங்கே சோறு விலைக்குப் போகவில்லை. அன்ன விக்ரயம், அதாவது சோற்றை விற்பது, பாவம் என்று பேசிய சமூகம் இது; வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள், பலவற்றுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டுக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பட்டுக்கோட்டை போகிற வழியில் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பாருங்கள். 1801-ல் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் கையிலிருந்து எதை எடுத்தாலும் சத்திரங்களை விட்டுவிடுங்கள் என்கிற தோரணையில் போகும் கடிதம். வருகிறவன் எந்த ஜாதியானாலும் சோறு, நோயில் விழுந்தவனுக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு, குழந்தைக்குப் பால் என்று அடுக்கிக்கொண்டே வருவார். அதில் ஒரு விவரம் எனக்கு மறக்காது: நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுச் சோறு போடுவார்களாம். ராத்திரி பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு, அடைத்த ஷட்டர்களுக்கு முன் பசியோடு நின்ற என் போன்றவனுக்கு அந்த மணியின் அருமை தெரியும்.

ரயில் வந்த பிறகுதான் சாப்பாட்டுக்கு விலை வந்தது. தென்னிந்திய ரயில்வேக்குத் தலைமையிடம் முதலில் நாகப்பட்டினம், பிறகு திருச்சி. கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் ரயில் ஏறி வந்து போகிற ஜனம் பெருகியபோது, ஸ்டேஷன் வாசலில் காபி கிளப்புகள் முளைத்தன. பெரும்பாலும் பிராமணர்கள் நடத்தினார்கள், பலகையிலேயே 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதினார்கள். உள்ளே அவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். சிலருக்கு உள்ளேயே இடமில்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில்கூட 'பிராமணாள்', 'இதராள்' (மற்றவர்கள்) என்று பிரித்திருந்தார்கள். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்து, 1941-ல்தான் ரயில்வேயில் அது ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் நடந்தது. 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையில் அந்தச் சொல் மறுபடி தலைகாட்டி மறுபடி போராட்டம். 'அந்தக் கால ஹோட்டல் மாதிரி வருமா' என்று ஏங்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது. உங்கள் அப்பா ரசித்துச் சாப்பிட்ட கூடத்தில் என் அப்பாவுக்கு வெளித் திண்ணைதான் என்றும் இருந்திருக்கலாம்.

இனி கும்பகோணம். இங்கே நான் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேசுவேன்.

கும்பேஸ்வரர் கோயிலுக்குள் நுழையும் கடைவீதி மண்டபத்திலேயே இருக்கிறது மங்களாம்பிகா விலாஸ் காபி ஹோட்டல், 1914-ல் தொடங்கியது. அம்பாள் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார்கள். குங்குமக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, நடுவில் காபி வாசனை. காலை ஐந்தேகாலுக்கு ஒருமுறை அந்த வாசலில் நின்று மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை டம்ளரில் முதலில் சர்க்கரை. அதன் மேல் டிக்காஷன், ஒரு சின்னக் கரண்டி, கண் பார்க்காமலே கை அளக்கிறது. பிறகு கொதித்துக்கொண்டிருக்கும் பால். டபராவுக்கும் டம்ளருக்கும் ஒரே ஒரு தரம் நீளமாக ஆற்றிவிட்டு, நுரை டம்ளர் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி வைத்தார். "இன்னொரு தரம் ஆத்துங்க" என்று கேட்டவரை மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆத்தினா அது டீ, அண்ணே" என்றார்.

டிகிரி காபி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிக்கரி என்பது வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆனது என்பது ஒரு கட்சி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பார்கள், அந்த டிகிரிக்குத் தேறிய பாலில் போட்டது டிகிரி காபி என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கும்பகோணத்துக் காபியின் உயிர் பாலில் இருக்கிறது, தூளில் இல்லை. தூள் குடகிலும் சிக்மகளூரிலும் விளைந்து எல்லா ஊருக்கும்தான் போகிறது. இங்கே பசும்பால், கறந்து அதிக நேரம் ஆகாதது, தண்ணீர் படாதது, ஒருமுறைக்கு மேல் காய்ச்சாதது. லாக்டோமீட்டரை ஏமாற்றவும் வழி உண்டு. ஆடையை எடுத்துவிட்டால் பால் கனத்து அளவு ஏறும், அதில் தண்ணீரை விட்டால் பழைய அளவுக்கே வந்து நிற்கும். ஆகவே பழைய ஹோட்டல்காரர்கள் மீட்டரோடு நிற்காமல் பால்காரரையும் நம்பகமானவராகப் பிடித்து வைத்திருந்தார்கள். லக்ஷ்மி விலாஸ் ஹோட்டல் நடத்திய பஞ்சாமி ஐயர் பெயரை கும்பகோணத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வது அந்தக் கண்டிப்புக்காகத்தான்.

சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் வரும்போது செங்கல்பட்டு தாண்டியதும் பத்தடிக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை பார்ப்பீர்கள். ஒரு கடையில் இறங்கினேன், பெயர் வேண்டாம். பளபளவென்று பித்தளை டபரா செட். உள்ளே பாக்கெட் பால், அதுவும் வெதுவெதுப்பு. கும்பகோணத்திலிருந்து வந்தது அந்த டம்ளர் மட்டும்தான் போலிருக்கிறது என்று மகன் சொன்னான்.

காபிக்கு அடுத்தது கடப்பா. இது இல்லாமல் கும்பகோணத்துக்கு வந்துவிட்டுப் போனேன் என்று சொல்லாதீர்கள். ஆந்திராக்காரரிடம் கடப்பா என்றால் தரைக்குப் போடும் கல்லைக் காட்டுவார். இங்கே அது இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்வது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை அவித்துக் கையால் உதிர்த்து (மசிக்கக் கூடாது, கடித்தால் தட்டுப்பட வேண்டும்), தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைத்து ஊற்றுவார்கள். தாளிப்பில் பட்டை, கிராம்பு, வெங்காயம், பூண்டு. மிளகாய்த்தூள் கிடையாது. இளமஞ்சளாக, சாம்பாரும் அல்லாத குருமாவும் அல்லாத ஒரு பதம். இறக்கின பிறகு எலுமிச்சை பிழிவது சிலர் வழக்கம். பழைய ஹோட்டல்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போடுவார்கள். சட்னி வாளி, சாம்பார் வாளியோடு மூன்றாவதாக ஒரு வாளி வருகிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் கடப்பா உண்டு, ஆனால் கும்பகோணத்துக்காரர் காது கேட்க அதைச் சொல்லாதீர்கள்.

இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவாக்கிய ஆடுதுறை 37 என்கிற குண்டு ரகம்தான் டெல்டா ஹோட்டல்களில் பல காலம் இட்லிக்கு ஊறியது. சாப்பாட்டுக்குப் பொன்னி, இட்லிக்குக் குண்டு. ஹோட்டலுக்கு அரிசி மூட்டை இறங்கும்போது கணக்குப்பிள்ளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். பழசா புதுசா என்று பல் சொல்லிவிடும். புது அரிசி என்றால் மாவு பசையடிக்கும், லாரி திரும்பிவிடும்.

கும்பகோணத்தில் சாப்பாட்டுக்கு காந்தி பார்க் பக்கம் வெங்கட்ரமணா என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். இனிப்புக்குப் பெரிய தெரு முராரி ஸ்வீட்ஸ், நூறாண்டைத் தாண்டிய கடை, வடக்கிலிருந்து வந்த குடும்பத்துடையது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தஞ்சாவூரில் பேர்பெற்ற இனிப்புக் கடை 1949-ல் தொடங்கிய பாம்பே ஸ்வீட்ஸ். மன்னார்குடியில் டெல்லி ஸ்வீட்ஸ். திருநெல்வேலி இருட்டுக்கடைக்கும் வேர் வடக்கே. தமிழன் சோற்றையும் காபியையும் பார்த்துக்கொண்டான், சர்க்கரைப் பாகை வடக்கத்தியாரிடம் விட்டுவிட்டான் போலிருக்கிறது. பாம்பே ஸ்வீட்ஸில் சந்திரகலா வாங்குங்கள்: மைதா மேலோட்டுக்குள் கோவா வைத்து, பிறை மாதிரி மடித்து விளிம்பைப் பின்னி, நெய்யில் பொரித்துப் பாகில் போட்டது. முழு வட்டமாக இருந்தால் சூரியகலா. முதல் கடியில் மேலோடு நொறுங்க வேண்டும். நமத்துப் போயிருந்தால் நேற்றையது.

உள்ளூர்க் கையென்று சொல்லத் திருவையாறு அசோகா இருக்கிறது. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டியது, செம்மஞ்சள் நிறம், வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள். ஆண்டவர் கடை என்று கேளுங்கள். தை மாதம் தியாகராஜ ஆராதனைக்கு வருகிற பாட்டுக்காரர்களில் பாதிப்பேருக்கு ஐந்து கீர்த்தனையோடு ஆறாவதாக இதுவும் உண்டு.

தஞ்சாவூரில் சாம்பார் பிறந்த கதையை ஆட்டோக்காரர் முதல் கைடு வரை சொல்வார்கள். மராட்டிய அரண்மனையில் சம்பாஜிக்கு விருந்து, கோகம் புளிப்புக்குப் பதில் நம்மூர்ப் புளி, அதனால் சாம்பார். கதை நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் அதை நம்பி அடித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தஞ்சாவூர் என்றால் ராத்திரிச் சாப்பாடு. டாக்டர்கள் கடைசி நோயாளியை அனுப்பிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் சைவ ஹோட்டல்களில் நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது பரோட்டாக் கல் சத்தம். சாந்தி பரோட்டாவும், பிரியாணிக்குச் சதார்ஸும், பிற்பாடு தேவர்ஸும் தஞ்சாவூர் அசைவத்தில் நிலைத்த பெயர்கள். சைவம்தான் டெல்டா என்று எழுதுகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்த ஊரில் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தங்குவதற்கு தஞ்சாவூரில் நல்ல இடங்கள் பெருகியது பெரிய கோயிலால். 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது; 1995 ஜனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது ஊரின் சாலைகளே மாறின. புது ஆற்றங்கரையில் பரிசுத்தம், திருச்சி ரோட்டில் சங்கம், பழைய வீட்டைச் செப்பனிட்டு நடத்தும் ஸ்வாத்மா என்று கைக்கு ஏற்றபடி இருக்கிறது. சுவாமிமலைக்குப் பக்கம் திம்மக்குடியில் 1896-ல் கட்டிய வீட்டை நடுவில் வைத்து ஒரு கிராமத்தையே எழுப்பியது மாதிரி இண்டெகோ விடுதி. குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு, மாட்டுவண்டியைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் ஒரு கூச்சம்.

மாயவரம். 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்பார்கள், துலாக் கட்டக் காவிரி ஸ்நானத்துக்குச் சொன்னது. என் அப்பா அதைக் காளியாகுடி ஹோட்டலுக்குச் சொல்வார். ஐப்பசி மாதக் கடைசி நாளான கடைமுகத்துக்கு எங்களைக் கூட்டிப்போய், ஸ்நானம் முடிந்ததும் ஈரத் தலையோடு அங்கே உட்கார வைப்பார். முதலில் அல்வா, அப்புறம் ஒரு காரம், கடைசியில் காபி. அந்த வரிசையை மாற்ற விடமாட்டார். அல்வா இலைத்துண்டில் வந்து விழும்போது நெய் ஓரமாக ஒதுங்கி ஓடும், அதைச் சுண்டுவிரலால் வழித்து நக்கியதற்கு ஒருமுறை தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது ஊர் மயிலாடுதுறை, தனி மாவட்டம். என்றாலும் கண்டக்டருக்கும் எனக்கும் மாயவரம்தான்.

திருச்சியில் ஒரே ஒரு தோசைதான் சாப்பிட முடியும் என்றால் திருவானைக்கா பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட். 1943-லிருந்து நடக்கும் சின்னக் கடை, அகிலாண்டேஸ்வரியைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் அப்படியே இங்கே திரும்பும். கல்லில் மாவைத் தேய்த்து, நெய்யை ஓரம் மட்டும் விடாமல் நடு வயிற்றிலும் ஊற்றி, நிறம் செம்பாகும்வரை பொறுத்து எடுப்பார்கள். அவசரப்படுகிறவர்களுக்கு அங்கே மரியாதை கிடையாது. மெயின்கார்டு கேட்டில் மைக்கேல்ஸ் ஐஸ்கிரீம் இருக்கிறது. குழந்தைகளை அதை லஞ்சமாகக் காட்டித்தான் மலைக்கோட்டை ஏற்ற வேண்டும். தங்குவதற்கு, ஜங்ஷன் பக்கத்து ஆஷ்பி ஒரு காலத்தில் துரைமார்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஹோட்டல். என் காலத்தில் பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் சங்கம், கல்யாண ரிசப்ஷன் என்றால் ஃபெமினா. இப்போது எல்லாரும் பஞ்சப்பூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2025-ல் புதுப் பஸ் முனையம் அங்கே போய்விட்டது. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி விடிய விடிய இட்லிக் கொப்பரை ஆவி பறந்த தெருக்களில் இனி எத்தனை அடுப்பு எரியும் என்பது அடுத்த சில வருஷத்தில் தெரிந்துவிடும்.

மற்ற ஊர்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நாகூரில் தர்கா வாசலில் இறால் வைத்த வாடாவும், ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த தம்ரூட்டும். நீடாமங்கலத்தில் பால் திரட்டு. அந்த ஊர் ரயில்வே கேட் போட்டால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே இறங்கி வாங்க நேரம் தாராளமாக இருக்கும். காரைக்காலில் அறைகள் நிறைய, வாரக் கடைசியில் அவை ஏன் நிரம்புகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை, புதுச்சேரி யூனியன் பிரதேசம். சனிப்பெயர்ச்சி சமயத்தில் மட்டும் அதே அறைகளில் திருநள்ளாறு பக்தர்கள்.

தங்கும் அறை விஷயத்தில் எச்சரிக்கை ஒன்று. கும்பகோணத்தில் லாட்ஜுகள் முன்பெல்லாம் ஜவுளி, பாத்திர வியாபாரிகளையும் என் போன்ற பைக்காரர்களையும் நம்பி ஓடின. நவக்கிரகச் சுற்றுலா பெருகியதும் அவற்றின் முகமே மாறிவிட்டது. 2024 முதல் அரசு பஸ்ஸே ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் சுற்றிக் காட்டுகிறது. விடிகாலையில் புறப்பட வேண்டியிருப்பதால் முதல் நாள் ராத்திரியே வந்து தங்குகிறார்கள், வெள்ளி சனி என்றால் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்பணம் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். 1992 மகாமகத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு லாட்ஜில் பணம் கட்டி ரசீது வாங்கி வைத்திருந்தேன். போய் நின்றால், என் அறையில் பதினோரு பேர் கொண்ட ஒரு குடும்பம் தலையணை போட்டுப் படுத்திருக்கிறது. மேனேஜர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மேனேஜர் கையெழுத்து, சார்" என்றார். தெரிந்த டாக்டர் ஒருவரின் கிளினிக் பெஞ்சில் மூன்று ராத்திரி படுத்தேன். அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அந்த வருஷம் வருவதாக இருந்தால் கும்பகோணத்தில் சொந்தக்காரர் யாராவது தேறுகிறார்களா என்று இப்போதே பாருங்கள்.

ருசி அப்படியே இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். சில இடத்தில் இருக்கிறது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது என் வாலிபத்திலேயே நடந்துவிட்டது, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவரின் முதுகைப் பார்த்தவன் சொல்ல மாட்டான். சப்ளையர் பையன் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்திருப்பான், 'கெட்டிச் சட்னி' என்றால் புரிந்துகொள்கிறான், போதும். எனக்கு இழப்பாகத் தெரிவது குரல். "ரெண்டு நெய் ரோஸ்ட்டேய், ஒண்ணு முறுகல், நாலாம் டேபிள் ஸ்ட்ராங் ஒண்ணு சக்கரை கம்மி" என்று ஒரே மூச்சில் உள்ளே பாடுவார்கள், எழுதிக்கொள்ள மாட்டார்கள், கடைசியில் நம் கணக்கையும் கல்லாவைப் பார்த்து அங்கிருந்தே கத்துவார்கள். நாம் என்னென்ன சாப்பிட்டோம் என்று கூடமே கேட்கும். இப்போது கையில் ஒரு சின்ன மெஷின், சத்தமே இல்லை.

ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் ஒரு ரூபாய் இட்லியுமாக 2013-ல் வந்த அம்மா உணவகத்தையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். திருச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் அதன் வரிசையைப் பார்த்தபோது சரபோஜியின் மணிதான் ஞாபகம் வந்தது.

இனி உங்கள் பயணம். வெள்ளிக்கிழமை திருச்சியில் இறங்குங்கள், சாயந்திரம் திருவானைக்கா, நெய் ரோஸ்ட். சனிக்கிழமை தஞ்சாவூர், கோயிலை வெயில் சாய்ந்த பிறகு பாருங்கள், கல் அப்போதுதான் நிறம் காட்டும். திருவையாறு வழியாகக் கும்பகோணம் போனால் அசோகாவும் ஆச்சு. ராத்திரி கும்பகோணத்தில் தூங்கி, ஞாயிறு காலை குழந்தைகள் எழுந்திருக்காவிட்டாலும் நீங்களும் அப்பாவும் ஏழு மணிக்குள் ஹோட்டலுக்குப் போய்விடுங்கள். உட்கார்ந்ததும் இட்லியைச் சொல்லாதீர்கள், "கடப்பா இருக்கா" என்று முதலில் கேளுங்கள். ஒன்பதரைக்கு மேல் அந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.